சி.டி. ஆஞ்சியோவுக்குப் போகிறவர்களுக்கு: முந்தின நாள் காப்பியிலிருந்து கைக்கு ரிப்போர்ட் வரும் வரை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் சி.டி. டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை மேஜையில் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு மைக்கில் "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்கிற ஆள். அம்பாசமுத்திரம், திசையன்விளை, வள்ளியூர், முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய அதே பத்துக் கேள்விதான். அதில் பாதிக்கு, வாசலில் வந்து நிற்கும்போது பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அதற்குள் காப்பி குடித்திருப்பார்கள்.

இதயத்தைப் படம் எடுக்கப் பல வழி உண்டு. நான் இங்கே எழுதப்போவது சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் பற்றி, அதாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன். எக்கோ, தாலியம், எம்.ஆர்.ஐ. பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

படம் எடுக்க ஆகும் நேரம் சில விநாடிதான். முந்தின நாள் கட்டுப்பாடும், ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருக்கிற ஒன்றரை மணி நேரமும் பெரும்பாலும் உங்கள் நாடித்துடிப்பை இறக்குவதற்காக. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தில் செல்போனில் படம் எடுத்திருப்பீர்கள். தேர் அசைந்து வரும்போது எடுத்தால் கலங்கலாக விழும், கட்டை கொடுத்து நிறுத்துகிற நேரத்தில் எடுத்தால் பொம்மை பொம்மையாகத் தெரியும். இதயமும் அப்படித்தான், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஒரு கணம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், மிஷின் உங்கள் ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே அந்தக் கணத்துக்குக் காத்திருந்து படம் பிடிக்கும். துடிப்பு கூடினால் சுருங்குவது அந்த நிற்கிற நேரம்தான். நிமிடத்துக்கு 60, 65 என்று வந்துவிட்டால் படம் தெளிவாக வரும், 85-ல் நின்றால் ஒரு குழாய் இரண்டாகத் தெரியும். சில புது மிஷின்கள் வேகமான நாடியையும் சமாளிக்கும், ஆனால் மெதுவான நாடிக்கு ஈடு இல்லை. நாடியை ஏற்றுவதில் காப்பியைவிடப் பெரிய ஆள் பயம், அதுவும் என்ன செய்யப்போகிறார்களோ என்கிற பயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

"கம்பி விடப்போறாவளா?"

டாக்டர் ஆஞ்சியோ என்ற சொல்லைச் சொன்னதுமே வீட்டில் பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பேர் ஒன்றாக இருப்பதால் வருகிற வம்பு இது. கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய் மருந்து விட்டு எடுப்பது கேத் லேபில் செய்கிற ஆஞ்சியோ. 1958-ல் அமெரிக்காவில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டருக்குத் தற்செயலாகப் பிடிபட்ட வழி. அதில் அடைப்பு தெரிந்தால் அதே மேஜையிலேயே ஸ்டென்ட் வைக்கவும் முடியும். சி.டி. ஆஞ்சியோவில் எந்தக் குழாயும் இதயத்துக்குப் போகாது, குளுக்கோஸ் ஏற்றுவதுபோலக் கையில் ஒரு ஊசி, அதன் வழியாகக் குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டுகிற மருந்து போகும், அவ்வளவுதான். அட்மிஷன் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

"அப்ப அடைப்பு இருந்தா மறுபடியும் அந்த ஆஞ்சியோவுக்கும் போகணுமா, ரெண்டு செலவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆமாம், பெரிய அடைப்பு தெரிந்தால் போகத்தான் வேண்டும். அதனால்தான் அடைப்பு நிச்சயம் இருக்கும் என்று டாக்டர் நினைக்கிற ஆட்களுக்கு இதை எழுதாமல் நேராக கேத் லேபுக்கே அனுப்புகிறார்கள். இருக்குமா இருக்காதா என்று நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் சி.டி. நல்ல வழி. இல்லை என்று இது சொன்னால் அநேகமாக இல்லைதான், அதில் இதை நம்பலாம். இன்னொரு பலனும் உண்டு. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சோதனைகளோடு சி.டி.யும் எடுத்து ஐந்து வருஷம் கவனித்தார்கள். 2018-ல் வந்த முடிவில், சி.டி. எடுத்தவர்களில் மாரடைப்போ இதய நோயால் மரணமோ வந்தது 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஸ்கேன் யாரையும் குணப்படுத்தவில்லை. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிய ஆரம்பித்திருப்பதைக் கண்ணால் பார்த்ததும் டாக்டர் மாத்திரையை எழுதினார், நோயாளியும் ஒழுங்காகப் போட்டார், அதுதான் விஷயம் என்று சொல்கிறார்கள்.

ஏற்கெனவே சின்ன ஸ்டென்ட் வைத்தவர்கள், நாடி தாறுமாறாகத் துடிக்கிறவர்கள், குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்தவர்கள், கிட்னி பழுதானவர்கள், இவர்களுக்கு இந்த ஸ்கேன் சரியாக வராது அல்லது யோசித்துத்தான் செய்யவேண்டும். பைபாஸ் செய்தவர்கள் பயப்பட வேண்டாம், ஒட்டுப்போட்ட குழாய்கள் சி.டி.யில் நன்றாகவே தெரியும்.

ஒரு அவசரச் செய்தியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது, இந்த நிமிஷம் நெஞ்சு அழுத்துகிறது, வேர்க்கிறது, இடது கை கடுக்கிறது என்றால் ஸ்கேன் சென்டருக்கு வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கே போனாலும் சரி, இதயம் காப்போம் திட்டம் 2023-ல் வந்ததிலிருந்து முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு, மறுநாள் ஸ்கேனுக்கு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் ஈ.சி.ஜி. எடுத்ததுமே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம்.

முந்தின நாள்

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்த சீட்டு வேண்டும். ஊசி மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியே போகும், அதனால். சமீபத்தில் எடுத்தது கையில் இருந்தால் அதையே கொண்டுவாருங்கள், எத்தனை நாள் பழசு வரைக்கும் ஏற்பார்கள் என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

ஸ்கேனுக்கு 12 மணி நேரம் முன்னாலிருந்து காப்பி, டீ, கோலா கிடையாது. சுக்குக் காப்பி குடிக்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் போட்டது என்றால் அதில் காப்பிச் சத்து இல்லை, முந்தின ராத்திரி குடிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் ருசிக்கு ஒரு சிட்டிகை காப்பித்தூளும் விழுவது வழக்கம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை எல்லாமே நாடியை ஏற்றும். "ஒரே ஒரு பீடிதான் அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்ன அன்று அவருடைய நாடி 96.

சாப்பாடு நாலு மணி நேரத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டாம், தாராளமாகக் குடியுங்கள். நரம்பு நன்றாகத் தெரியும், கிட்னிக்கும் நல்லது. வெறும் வயிறு என்றதும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் மாதிரி வந்து, ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள்தான் அதிகம்.

மாத்திரை விஷயத்தில் நீங்களாக ஒரு முடிவும் எடுக்காதீர்கள். பிரஷர் மாத்திரையை அன்றைக்கு நிறுத்திவிட்டு வருவது பெரிய தப்பு, அதிலும் பெயர் 'லால்' என்று முடிகிற மாத்திரையாக இருந்தால் நாடியை இறக்குவதே அதுதான். தண்ணீர் விட்டு வழக்கம்போலப் போடுங்கள். சுகர்காரர்கள் காலையில் சாப்பிடாமல் இன்சுலினோ மாத்திரையோ போட்டால் மயக்கம் வரும், அதனால் எதை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் காலை முதல் நேரத்தை வாங்குங்கள். மெட்ஃபார்மினைச் சில இடங்களில் ஸ்கேன் முடிந்து 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள், கிட்னி நன்றாக இருந்தால் நிறுத்தத் தேவையில்லை என்றும் சொல்வார்கள். உங்கள் கிரியேட்டினினைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்கும்போது ஊசி மருந்து, ரத்தப் பரிசோதனை, படங்களைப் பதிந்து தருகிற சி.டி. தட்டு எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே இருக்கிற காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள்.

புறப்படும்போது

திசையன்விளையிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாக வந்து உட்கார்ந்தால் நாடி எப்படி இறங்கும்? அரை மணி நேரம் முன்னாலேயே வந்து ஃபேனுக்கு அடியில் சும்மா உட்காருங்கள். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பெண்கள் முன்பக்கம் திறக்கிற தளர்ந்த உடை போட்டு வந்தால் வசதி, பல இடங்களில் கவுன் கொடுப்பார்கள். தாலியைக் கழற்ற வேண்டுமா என்பதுதான் கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு ஆச்சி, "கல்யாணத்துல இருந்து எறக்கினதே இல்ல தாயி, அவுகளுக்குத்தான் நெஞ்சுவலி வரும்" என்று சிஸ்டரிடம் வாதாடினார். வந்தது என்னவோ ஆச்சிக்குத்தான். உலோகம் நெஞ்சுக்கு நேரே இருந்தால் படத்தில் நட்சத்திரம் மாதிரி கோடு விழுந்து குழாயை மறைத்துவிடும், அவ்வளவுதான் சங்கதி. கழற்ற மனம் இல்லை என்றால் கயிற்றையோ செயினையோ தாடைக்கு மேலே ஏற்றிப் பிளாஸ்திரி போட்டுவிடலாம், அதை நாங்கள் தினமும் செய்கிறோம். நாங்கள் எப்போதும் கோட்டை விடுவது தாலியை அல்ல, அதில் கோத்திருக்கிற ஊக்கை. ஜாக்கெட்டிலும் ஒன்று ஒளிந்திருக்கும். ஆண்களுக்குக் கழுத்துத் தாயத்து, சட்டைப் பையில் பேனா. காதில் கிடக்கிற கம்மல், இடுப்பு அரைஞாண் எல்லாம் இந்த ஸ்கேனுக்கு இடைஞ்சல் இல்லை, எம்.ஆர்.ஐ.க்குத்தான் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

படிவத்தில் உண்மையைச் சொல்லுங்கள்

ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள். மகனோ மருமகளோ படிக்காமல் டிக் அடித்துக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். நாலு விஷயத்தை மட்டும் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வீசிங், இளைப்பு இருக்கிறதா என்பது ஒன்று. நாடியை இறக்கக் கொடுக்கிற மெட்டோப்ரோலால் மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பலாம், முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் ஐவாபிராடின் போல வேறு மருந்து கொடுப்பார். இரண்டாவது, இதற்கு முன்னால் ஸ்கேன் ஊசி போட்டபோது தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டல் வந்திருக்கிறதா. உவரி, இடிந்தகரைப் பக்கத்து ஆட்கள், "எனக்கு இறால் ஒத்துக்காது, இந்த மருந்துல அயோடின் இருக்காமே" என்று கேட்கிறார்கள். இறால் அலர்ஜி அதில் இருக்கிற புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. சொல்லிவையுங்கள், ஆனால் அதற்காக ஸ்கேனையே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. மூன்றாவது, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், தைராய்டு அதிகமாகச் சுரக்கிற கோளாறு.

நாலாவது விஷயத்தில் நானே தப்புச் செய்திருக்கிறேன். ஸ்கேனுக்குச் சற்று முன் குழாய் விரிவதற்காக நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் ஸ்பிரே அடிப்போம் அல்லது சார்பிட்ரேட் போன்ற மாத்திரை வைப்போம். வயாகரா வகை மாத்திரை போட்டிருப்பவர்களுக்கு இது சேர்ந்தால் பிரஷர் சடாரென்று இறங்கிவிடும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அறுபது வயசுக்காரர் ஒருவரிடம் அவருடைய மகனும் மருமகளும் நிற்கும்போது இதைக் கேட்டேன். எந்த மனுஷன் ஆமாம் என்பார்? இல்லை என்றார். ஸ்பிரே அடித்து இரண்டு நிமிஷத்தில் முகம் வெளுத்து, பிரஷர் இறங்கி, காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, டாக்டர் வந்து... பிழைத்தார், பிரச்சினை இல்லை. அன்றைக்கிருந்து இந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். நாங்கள் கேட்க மறந்தாலும், சில்டெனஃபில் என்றால் ஒரு நாளுக்குள், டாடலாஃபில் என்றால் இரண்டு நாளுக்குள் போட்டிருந்தால் நீங்களே காதோடு சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு மாத்திரையின் பெயர், அவ்வளவுதான்.

ஊசியும் காத்திருப்பும்

முழங்கையின் உள்மடிப்பில், அநேகமாக வலது கையில், கேனுலா போடுவார்கள். வழக்கமான ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன். ஏனென்றால் மருந்தை மிஷின் மூலமாக விநாடிக்கு 5 மில்லி வேகத்தில் செலுத்த வேண்டும், புறங்கையில் இருக்கிற சின்ன நரம்பு அதைத் தாங்காது. ஒரு குத்து வலிதான். நரம்பு கிடைக்காமல் இரண்டாவது தடவை குத்தினால் சிஸ்டரைத் திட்டாதீர்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னது இதற்குத்தான்.

அப்புறம் நாடி பார்ப்பார்கள். கூட இருந்தால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். எல்லோருக்கும் எரிச்சல் வருகிற இடம் இதுதான். "எனக்குப் பின்னால வந்தவரை உள்ள விட்டுட்டியளே" என்று சண்டை. அவர் நாடி 58, உங்களுடையது 78, வேறு ஒன்றும் இல்லை. சண்டை போட்டால் 88 ஆகும். செல்போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருங்கள், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்கிற சத்தத்தில் ஏறிய நாடிகளை நான் திரையிலேயே பார்த்திருக்கிறேன்.

மேஜையில்

மிஷினைப் பார்த்ததும் சுரங்கம் என்று பயப்படாதீர்கள், பெரிய வடை மாதிரி நடுவில் ஓட்டை, அவ்வளவுதான், தலையும் காலும் வெளியே இருக்கும். மல்லாக்கப் படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைக்கவேண்டும். தோள்பட்டைப் பிடிப்பு இருந்தால் சொல்லுங்கள், தலையணை வைத்துக் கொடுப்போம், வலியோடு கையைத் தூக்கிக்கொண்டிருந்தால் அதற்கும் நாடி ஏறும். ஆண்களுக்கு நெஞ்சில் முடி அதிகம் என்றால் ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் மட்டும் சிரைப்போம். நாக்குக்கு அடியில் ஸ்பிரே, கொஞ்சம் தலை கனக்கும், சிலருக்கு நல்ல தலைவலியே வரும், சீக்கிரம் போய்விடும்.

இனி மூச்சுப் பயிற்சி. இதைக் கவனமாகப் படியுங்கள், படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மூச்சை அடக்கவேண்டியது ஐந்திலிருந்து பதினைந்து விநாடி. முழு மூச்சாக நெஞ்சு புடைக்க இழுக்காதீர்கள், முக்காமல் முனகாமல் அளவாக இழுத்து நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் அதே அளவு. வயிறும் அசையக்கூடாது. வீட்டிலேயே பாயில் படுத்துக்கொண்டு முந்தின நாள் நாலைந்து தடவை பழகிப் பாருங்கள். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தாத்தா வந்தார். பயிற்சியில் அருமையாகச் செய்தார். மருந்து போக ஆரம்பித்தது, மைக்கில் "மூச்சைப் பிடிங்க" என்றேன். "பிடிச்சிட்டேன்யா!" என்று உள்ளேயிருந்து சத்தமாகப் பதில் வந்தது. மரியாதைக்காரர். மொத்தப் படமும் நடுவில் ஒரு வெட்டு விழுந்து வந்தது. ஆகவே பதில் சொல்லாதீர்கள், தலையாட்டாதீர்கள், நாங்கள் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

முதலில் மருந்து இல்லாமல் ஒரு படம் எடுப்பார்கள், அது கால்சியம் ஸ்கோருக்கு, அதாவது குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்க. அதன்பின் மருந்து.

மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும். தொண்டையில் ஆரம்பித்து நெஞ்சு, வயிறு என்று இறங்கி அடிவயிற்றில் வந்து நிற்கும், ஒன்றுக்குப் போய்விட்டதுபோலவே இருக்கும். போயிருக்காது. சத்தியமாகப் போயிருக்காது. வாயில் ஒரு இரும்பு ருசி வரும். பத்து இருபது விநாடியில் எல்லாம் அடங்கிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த நேரத்தில் திடுக்கிட்டு மூச்சை விட்டுவிடுகிறார்கள், எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். சூடு எல்லோருக்கும் வருவது. ஆனால் ஊசி குத்திய இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து வீங்கினால், மூச்சு முட்டினால், தொண்டை இறுகினால் உடனே குரல் கொடுங்கள், படம் போனால் போகட்டும். அறையில் மைக் எப்போதும் திறந்தே இருக்கும்.

அவ்வளவுதான். "முடிஞ்சிட்டா?" என்று எல்லோரும் கேட்பார்கள். முடிந்தது.

அதற்கப்புறம்

அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள், அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். கேனுலாவை உருவியதும் பஞ்சை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். சாப்பிடலாம், காப்பியும் குடிக்கலாம். அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதயம் பலவீனம், தண்ணீரை அளந்து குடி என்று டாக்டர் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. நாடியையும் பிரஷரையும் இறக்குகிற மருந்து உள்ளே போயிருப்பதால் எழுந்ததும் தலை சுற்றலாம், பைக்கை முறுக்கிக்கொண்டு தென்காசி வரைக்கும் தனியாகப் போகிற வேலை வேண்டாம். இரண்டொரு நாளில் உடம்பில் தடிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கிற தாய்மார்கள் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய மருத்துவக் கருத்து.

கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, ராதாபுரம் ஏரியா ஆட்கள் ரேடியேஷன் பற்றி ரொம்ப விவரமாகக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனுஷனுக்கு வருஷத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கிற அலகு) கிடைக்கிறது. இப்போதைய நல்ல மிஷினில் நாடி மெதுவாக இருந்தால் இந்த ஸ்கேனில் கிடைப்பது 1-லிருந்து 5 வரை. நாடி வேகமாக இருந்தால் மிஷின் கூடுதல் நேரம் கதிரை விடவேண்டியிருக்கும், அளவும் ஏறும், பார்த்தீர்களா, மறுபடியும் நாடிதான். ஒரு தடவை தேவைக்கு எடுப்பதில் பயம் இல்லை, வருஷா வருஷம் சும்மா எடுத்துப் பார்ப்பது தேவையில்லாத வேலை. வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஊசியில் போட்டது கதிர் வீசுகிற மருந்து இல்லை.

ரிப்போர்ட்டில் பயமுறுத்துகிற வார்த்தைகள்

கால்சியம் ஸ்கோரை அகட்ஸ்டன் ஸ்கோர் என்றும் எழுதியிருப்பார்கள், 1990-ல் வந்த கணக்கு. 0 என்றால் சுண்ணாம்புப் படிவு இல்லை. 1 முதல் 99 லேசானது, 100 முதல் 399 நடுத்தரம், 400-க்கு மேலே அதிகம். 0 வந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் இளவயதில் புகைபிடிக்கிறவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறாத மெத்தென்ற கொழுப்புப் படிவு இருக்கலாம், அதை மருந்து போட்டு எடுக்கிற படம்தான் காட்டும். அடுத்து எல்.ஏ.டி., எல்.சி.எக்ஸ்., ஆர்.சி.ஏ. என்று குழாய்களின் பெயர். கடைசியில் கேட்-ராட்ஸ் என்று, அடைப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிற ஒரு எண். 0 என்றால் ஒன்றும் இல்லை, 1 என்றால் 25 சதவீதத்துக்குக் கீழே, 2 என்றால் 50-க்குக் கீழே, 3 என்றால் 50-லிருந்து 69, 4 என்றால் 70-க்கு மேலே, 5 என்றால் முழு அடைப்பு. 1, 2-க்கு அநேகமாக மாத்திரையும் நடையும் சாப்பாட்டு ஒழுங்கும்தான். 3-ல் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று வேறு சோதனை பார்ப்பார்கள். 4-லிருந்துதான் கேத் லேப் பேச்சு.

'ரைட் டாமினன்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு குடும்பமே எங்கள் ரிசப்ஷனில் வந்து நின்றது. அது நோய் இல்லை. பின்பக்க இதயத்துக்கு எந்தப் பக்கக் குழாய் ரத்தம் கொடுக்கிறது என்கிற அமைப்பு, பெரும்பாலான மனிதர்களுக்கு வலதுதான். 'மயோகார்டியல் பிரிட்ஜ்' என்றால் குழாயின் ஒரு துண்டு தசைக்குள் புகுந்து போகிறது, பிறப்பிலேயே வருவது, பெரும்பாலும் தொந்தரவு தராது. நுரையீரலில் 'கால்சிஃபைட் கிரானுலோமா' என்று ஒரு வரி வரலாம், பெரும்பாலும் எப்போதோ வந்து ஆறிப்போன கிருமியின் தழும்பு. இருந்தாலும் ஒரு வரியையும் விடாமல் டாக்டரிடம் கேளுங்கள், கூகுளிடம் வேண்டாம்.

மற்ற ஸ்கேன்கள், சுருக்கமாக

எக்கோ என்பது வயிற்று ஸ்கேன் மாதிரிதான், இடதுபக்கமாகச் சரிந்து படுக்கவைத்து ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்திப் பார்ப்பார்கள். ஊசி, பட்டினி எதுவும் வேண்டாம். பம்பு செய்யும் திறனும் வால்வும் தெரியும், குழாய் அடைப்பு நேரடியாகத் தெரியாது. எக்கோ நன்றாக இருக்கிறது என்பதால் அடைப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. தாலியம் என்று ஊரில் சொல்கிற ஸ்கேன், இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. அதில் இப்போது பெரும்பாலும் போடுவது டெக்னீஷியம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைகிற கதிர்வீச்சு மருந்து. ஓய்விலும் ஓடவிட்டும் இரண்டு தடவை படம் எடுப்பதால் அரை நாள் போய்விடும். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை, ஆனால் முக்கால் மணி நேரம் டமடமவென்ற சத்தத்துக்குள் படுத்திருக்க வேண்டும், பேஸ்மேக்கர் இருந்தால் முன்னாலேயே சொல்லியாகவேண்டும்.

இன்னொன்று, ஃபிலிமைப் பற்றி. அதை லேமினேட் செய்யாதீர்கள், இப்போது வருகிறது எல்லாம் சூட்டுக்குக் கறுக்கிற ஃபிலிம், லேமினேஷன் கடைக்காரர் ஒரு தடவை அழுத்தினாலே கறுப்புக் காகிதம் ஆகிவிடும். சித்திரை வெயிலில் கார் கண்ணாடிக்கு அடியில் வைத்தாலும் அதே கதிதான். டாக்டருக்கு உண்மையில் உதவுவது கூடக் கொடுக்கிற சி.டி. தட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க அதில்தான் முடியும். அதை வாங்காமல் போகிறவர்களும், வாங்கிப் பேரன் விளையாடக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து "இன்னொண்ணு போட்டுத் தருவியளா" என்று வருகிறவர்களும் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு.